பகமூணாவின் பெயர் லண்டனுக்குப் போன கதை

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள். வீட்டில் தரம் 9, 10 படிக்கும் பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் பக்கத்தில் இருத்திக்கொள்ளுங்கள்.

நம் ஊர்களில் இரவில் மரத்தில் இருந்து குரல் கொடுக்கும் சிறிய ஆந்தை ஒன்று இருக்கிறது. காது போல இரண்டு இறகுக் குடுமிகள் இருக்கும். பகலில் மரப்பட்டையோடு பட்டையாக ஒட்டிக்கொண்டிருக்கும், கண்டுபிடிக்கவே முடியாது. நாம் ஆந்தை என்கிறோம். சிங்களச் சகோதரர்கள் ஆந்தையைப் பகமூணா என்பார்கள்.

இந்தச் சின்ன ஆந்தைக்கு உலகம் முழுவதும் வழங்கும் விஞ்ஞானப் பெயர் என்ன தெரியுமா? ஓட்டஸ் பக்கமூனா. ஜப்பானில் ஒருவர் இந்தப் பறவையைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதினாலும் பக்கமூனா என்றுதான் எழுத வேண்டும். நம் நாட்டு மக்கள் வாயில் வழங்கிய ஒரு சொல் இலத்தீன் பெயர்களுக்கு நடுவே 250 ஆண்டுகளுக்கு மேலாக இருந்து வருகிறது.

எப்படிப் போனது? அதற்கு ஒரு புத்தகம் காரணம். அந்தப் புத்தகத்துக்குப் பின்னால் ஓர் ஆளுநரும், ஒரு வெல்ஷ் நாட்டுப் பிரபுவும், நம்மில் பலர் பெயரே கேட்டிராத ஒரு கொழும்பு ஓவியரும் இருக்கிறார்கள்.

■ 1769 இல் வந்த புத்தகம்

புத்தகத்தின் பெயர் ‘இந்தியன் சூவொலொஜி’. தமிழில் சொன்னால் ‘இந்திய விலங்கியல்’. வெளிவந்த ஆண்டு 1769. எழுதியவர் தோமஸ் பென்னன்ட் (1726–1798). பெரிய அளவுத் தாள், 12 படங்கள், ஒவ்வொரு படத்துக்கும் விளக்கம். அவ்வளவுதான். பக்கக் கணக்கில் பார்த்தால் ஒரு சிறிய முயற்சி.

தலைப்பில் ‘இந்தியன்’ என்று இருப்பதைப் பார்த்து, இது இந்தியாவைப் பற்றியது, நமக்கு என்ன என்று விட்டுவிடக்கூடாது. அந்தக் காலத்து ஐரோப்பியர்களுக்கு ‘இந்தியா’ என்றால் இலங்கையும் யாவாவும் எல்லாம் சேர்ந்த கிழக்குத் தேசம். புத்தகத்தைத் திறந்தால் நம் காடும் குளமும் வீட்டுத் தோட்டமும்தான் பெரும்பாலும் கண்ணில் படும்.

பென்னன்ட் சாதாரண ஆளில்லை. ‘பிரிட்டிஷ் விலங்கியல்’ என்ற நூலால் அப்போதே பெயர் எடுத்தவர். வேல்ஸில் பெரிய நிலபுலத்துக்குச் சொந்தக்காரர். ஆனால் இலங்கைக்கோ இந்தியாவுக்கோ அவர் ஒருநாளும் வந்ததில்லை. அந்த ஆந்தையை அவர் மரத்தில் கண்டதுமில்லை, அதன் குரலைக் கேட்டதுமில்லை. அவர் கண்டதெல்லாம் படம். அந்தப் படங்கள் அவருக்கு எங்கிருந்து கிடைத்தன என்பதுதான் நமக்கு முக்கியமான கேள்வி.

■ கொழும்பில் இருந்த ஆளுநர்

படங்களை வைத்திருந்தவர் யொவான் கிடியன் லோட்டன். 1710 இல் நெதர்லாந்தில் பிறந்தவர். இருபதுகளின் தொடக்கத்தில் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியில் சேர்ந்து கிழக்கே வந்தார். யாவாவில் வேலை, பிறகு மக்கஸாரில் ஆளுநர், அதன் பிறகு 1752 முதல் 1757 வரை இலங்கையில் கம்பனியின் ஆளுநர்.

அந்தக் காலத்தைக் கொஞ்சம் மனதில் கொண்டுவருவோம். கரையோரம் கம்பனியின் கையில். மலைநாட்டில் கண்டி மன்னர் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன். சியாம் தேசத்தில் இருந்து பிக்குகள் வந்து உபசம்பதாவை மீண்டும் தொடங்கிவைத்த 1753 ஆம் ஆண்டு லோட்டன் காலத்தில்தான் வருகிறது. கொழும்பு வுல்பெண்டால் தேவாலயத்தின் கட்டட வேலை முடிந்ததும் அவர் நாட்டை விட்டுப் போன அதே 1757 இல்தான்.

கம்பனிக்கு இந்த நாட்டில் முதல் தேவை கறுவா. கறுவாத் தோட்டங்கள் உண்டாகாத காலம் அது. மருதானையில் கறுவாவைப் பயிராக நட்டு வளர்த்தது 1769 ஐ ஒட்டிய ஆண்டுகளில்தான். அதற்கு முன்பு காட்டுக்குள் போய்த்தான் பட்டை உரிக்க வேண்டும். காட்டுக்குள் போனவர்கள் இந்த மண்ணின் மக்கள். எந்த மரத்தில் எந்தப் பறவை அடையும், எது எந்த நேரத்தில் கத்தும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

நம் சமூகத்தைப் பொறுத்தவரை ஒல்லாந்தர் காலம் இனிப்பான நினைவு இல்லை. வியாபாரத்தில் கட்டுப்பாடு, நிலம் வாங்குவதில் கட்டுப்பாடு, சோனகர் மீதும் செட்டிகள் மீதும் விதிக்கப்பட்ட ‘ஊழியம்’ என்ற கட்டாய வேலை எல்லாம் நம் வரலாற்றில் இருக்கின்றன. அதனால் லோட்டனைப் புகழ்ந்து பாட நாம் இதை எழுதவில்லை. அவர் கம்பனியின் ஆள். ஆனால் அந்த ஆளுக்குப் பறவைகள் மீதும் விலங்குகள் மீதும் உண்மையான ஆசை இருந்தது. கம்பனியின் வருமானத்துக்கு ஒரு சதமும் சேர்க்காத ஆசை அது. இரண்டும் ஒரே மனிதரில் இருந்தன. வரலாற்றில் ஆட்கள் பெரும்பாலும் இப்படித்தான் இருப்பார்கள். முழு நல்லவர், முழு கெட்டவர் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதில்தான் நாம் தவறுகிறோம்.

■ படம் வரைந்தவர்

லோட்டனுக்குத் தேவைப்பட்டது, பார்த்ததை அப்படியே வரையக்கூடிய ஒரு கை. அந்தக் கைக்குச் சொந்தக்காரர் பீட்டர் கோர்னெலிஸ் டி பெவெரெ.

இவர் கொழும்பில் பிறந்தவர். ஒல்லாந்த இரத்தமும் இந்த மண்ணின் இரத்தமும் கலந்த குடும்பம். கம்பனியின் கீழ் நில அளவையிலும் வரைபட வேலையிலும் இருந்தார். ‘கந்தோர்’ என்று நாம் இன்றும் சொல்கிறோமே, அந்தச் சொல்லே ஒல்லாந்தருடையது. அப்படி ஒரு கந்தோர் உத்தியோகத்தர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பாவில் பெரிய ஓவியக்கூடத்தில் படித்து வந்தவர் இல்லை.

நில அளவை பார்ப்பவருக்கு ஒரு பழக்கம் உண்டு. இல்லாததைச் சேர்க்கக்கூடாது, இருப்பதை விடக்கூடாது. ஓர் அடி பிசகினால் காணிக்காரர் இருவர் சண்டைக்கு நிற்பார்கள். பறவையின் படத்துக்கும் அந்தக் கவனம்தான் வேண்டும். சொண்டு எவ்வளவு வளைந்திருக்கிறது, இறகின் எந்த ஓரத்தில் வெள்ளை, கால் விரல் முன்னால் எத்தனை பின்னால் எத்தனை என்பதெல்லாம் சரியாக இருக்க வேண்டும். அழகு பிறகுதான்.

லோட்டன் இலங்கையை விட்டுப் போகும்போது இந்த நிறப் படங்களைத் தன்னோடு கொண்டுபோனார். பறவைகள், விலங்குகள், மீன்கள், பூச்சிகள், செடிகள் எல்லாம் அந்தத் தொகுப்பில் இருந்தன. கொழும்பில் 1755 இல் மனைவியை இழந்திருந்த அவர், பிறகு லண்டனில் போய்க் குடியிருந்தார். 1760 இல் ரோயல் சொசைட்டியின் உறுப்பினரானார். அங்கே இயற்கை ஆய்வாளர்களின் வட்டத்தில் அந்தப் படங்கள் கை மாறிப் பார்க்கப்பட்டன.

பார்த்தவர்களில் ஒருவர் ஜோசப் பேங்க்ஸ். கேப்டன் குக்கோடு எண்டெவர் கப்பலில் போனாரே, அவர்தான். லோட்டனின் படங்களைப் பிரதி எடுக்க இளம் ஓவியர் சிட்னி பார்க்கின்சனை அவர் அமர்த்தினார். அதே பார்க்கின்சன் பிறகு எண்டெவர் கப்பலில் ஓவியராகப் போய், 1771 இல் திரும்பும் வழியில் கடலிலேயே இறந்துபோனார். பசுபிக் தீவுகளையும் அவுஸ்திரேலியாவையும் வரைந்து புகழ் பெற்ற அந்தக் கை, அதற்கு முன்பு கொழும்பு உத்தியோகத்தர் ஒருவரின் படங்களைப் பார்த்து வரைந்திருக்கிறது. இதைப் பிள்ளைகளிடம் சொல்லிப் பாருங்கள், முகத்தைக் கவனியுங்கள்.

■ புத்தகம் உருவான விதம்

பென்னன்ட், பேங்க்ஸ், லோட்டன் மூவரும் சேர்ந்து செலவைப் பொறுப்பேற்றார்கள். படங்களைச் செப்புத் தகட்டில் செதுக்கியவர் பீட்டர் மசெல். அன்று புகைப்படம் இல்லை. செப்புத் தகட்டில் கோடு கோடாகச் செதுக்கி, கோட்டுக்குள் மை நிரப்பி, ஈரத் தாளை வைத்து அழுத்தி எடுப்பார்கள். வருவது கறுப்புக் கோட்டுப் படம். நிறம் வேண்டும் என்றால் ஒவ்வொரு பிரதிக்கும் தூரிகையால் தனித்தனியே தீட்ட வேண்டும். ஒரு புத்தகத்தின் விலை எங்கே போய் நின்றிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். செல்வந்தர் வீட்டு அலுமாரிக்கு மட்டும் போகக்கூடிய பொருள் அது.

முதல் பதிப்பு 12 படங்களோடு நின்றுபோனது. மிச்சமாக இருந்த மூன்று படங்களையும் சேர்த்துத் தகடுகளைப் பென்னன்ட், ஜோஹான் ரைன்ஹோல்ட் ஃபோஸ்டர் என்ற ஜெர்மன் அறிஞருக்குக் கொடுத்தார். கேப்டன் குக்கின் இரண்டாவது பயணத்தில் போனவர் இவர். ஃபோஸ்டர் 1781 இல் ஹல்லே நகரில் ஜெர்மன், இலத்தீன் மொழிகளில் அதை வெளியிட்டார். லண்டனில் இரண்டாம் பதிப்பு வந்தது 1790 இல்.

■ உள்ளே யார் யார்?

இனி நமக்குத் தெரிந்த முகங்களைப் பார்ப்போம்.

▪ செம்முகப் பூங்குயில். சிவந்த முகம், கரும்பச்சைச் சிறகு, வெள்ளை வயிறு, நீண்ட வால். சிங்களத்தில் மல்கொஹா. ‘மல்’ என்றால் பூ, ‘கொஹா’ என்றால் குயில். இன்று ஆசியா முழுவதும் இந்த வகைக் குயில்களுக்கு ஆங்கிலப் பெயரே மல்கொஹாதான். செம்முகப் பூங்குயில் இலங்கைக்கே உரிய பறவை. சிங்கராஜா போன்ற ஈர வலயக் காடுகளில் மிஞ்சியிருக்கிறது. காடு குறையக் குறைய அதுவும் குறைகிறது.

▪ தீக்காக்கை. ஆண் பறவைக்குக் கறுத்த தலை, நெஞ்சில் வெள்ளைப் பட்டி, கீழே நெருப்புச் சிவப்பு.

▪ சங்குவளை நாரை. மஞ்சள் சொண்டும் வால் பக்கம் இளஞ்சிவப்பும் கொண்டது. நம் குளங்களில் கூட்டமாக நிற்குமே, அதேதான்.

▪ பாம்புத்தாரா. உடலைத் தண்ணீருக்குள் விட்டுக் கழுத்தை மட்டும் வெளியே நீட்டி நீந்தும். தூரத்தில் பார்த்தால் பாம்பு என்று பயந்துவிடுவோம்.

▪ மலை அணில். சாதாரண அணிலைப் போலப் பல மடங்கு பெரியது. இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் உண்டு. சிங்களத்தில் தண்டுலேனா. இதன் துணையினம் ஒன்றுக்கு விஞ்ஞானிகள் பிற்காலத்தில் வைத்த பெயரும் ‘தண்டொலேனா’தான்.

▪ தையற்காரக் குருவி. நம் வீட்டு வேலியில் இருப்பது. இலையின் ஓரங்களில் ஓட்டை போட்டு, பஞ்சு நூலும் சிலந்தி நூலும் கோத்து, இலையைப் பை போலத் தைத்து அதற்குள் கூடு வைக்கும். காய்ந்த இலை ஒன்றைப் பொறுக்கி வந்து பச்சை இலையோடு சேர்த்துத் தைக்கும் என்று பென்னன்ட் எழுதிவைத்தார். உண்மையில் அது தைப்பது மரத்தில் இருக்கும் பச்சை இலைகளைத்தான். இங்கே வராமலே எழுதியவருக்கு அது தெரியாது. நம் ஊர்ப் பிள்ளை ஒருவரிடம் கேட்டிருந்தால் சொல்லியிருக்கும்.

▪ கடைசியாக நம் பகமூணா.

க.பொ.த. சாதாரண தர விஞ்ஞானத்தில் இருசொற் பெயரீடு என்று படிக்கிறோம். முதல் சொல் சாதி, இரண்டாவது சொல் இனம். முழுமையாக எழுதும்போது பெயர் வைத்தவரின் பெயரும் ஆண்டும் கூடவே வரும். மேலே சொன்ன அத்தனை உயிரினங்களுக்கும் பின்னால் இன்றும் ‘பென்னன்ட், 1769’ என்றுதான் எழுதுகிறார்கள். உலகத்தில் எந்த நூதனசாலையில் பார்த்தாலும் அப்படித்தான்.

லோட்டனுக்கும் ஓர் இடம் கிடைத்தது. நீண்டு வளைந்த சொண்டுள்ள ஒரு தேன்சிட்டுக்கு லின்னேயஸ் 1766 இல் அவர் பெயரையே வைத்தார். நம் தோட்டத்துப் பூக்களுக்கு வரும் தேன்சிட்டுகளில் அதுவும் ஒன்று. 1789 இல் இறந்த லோட்டனுக்கு லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் பளிங்கில் நினைவுச் சின்னமும் எழுப்பினார்கள்.

பெயர் வைத்தவருக்குப் பெயர் கிடைத்தது. படம் வைத்திருந்தவருக்கும் கிடைத்தது. பறவையை முன்னால் வைத்து வரைந்தவருக்கு? மேலே சொன்ன எந்தப் பறவையின் பெயரிலும் பெவெரெ இல்லை.

சுமார் 140 ஆண்டுகள் கழித்து, 1907 இல், டொனால்ட் பெர்குசன் என்ற ஆய்வாளர் அரச ஆசிய சங்கத்தின் இலங்கைக் கிளைச் சஞ்சிகையில் லோட்டனைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அந்தக் கட்டுரையின் தலைப்பிலேயே பெவெரெயின் பெயரையும் சேர்த்து, அவரை ‘இலங்கை ஓவியர்’ என்று குறிப்பிட்டார். அதன் பிறகுதான் இந்த மனிதரைப் பற்றி ஆட்கள் பேசத் தொடங்கினார்கள். லோட்டன் தொகுப்பின் படங்கள் இன்று லண்டன் இயற்கை வரலாற்று நூதனசாலையில் பாதுகாக்கப்படுகின்றன.

■ ஓர் எழுத்துச் சோடி சொல்லும் சாட்சி

இங்கே ஒரு நுட்பமான விடயம். பக்கமூனா என்ற பெயரை ஆங்கில எழுத்தில் எழுதும்போது ‘மூ’ என்ற ஒலிக்கு ‘ஓ’, ‘ஈ’ என்ற இரண்டு எழுத்துகளைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டிருக்கிறார்கள். ஆங்கிலேயர் எழுதியிருந்தால் ‘யூ’ போட்டிருப்பார்கள், இல்லாவிட்டால் இரண்டு ‘ஓ’ போட்டிருப்பார்கள். ‘ஊ’ ஒலிக்கு ‘ஓ, ஈ’ போடுவது ஒல்லாந்தரின் வழக்கம்.

இதில் இருந்து என்ன தெரிகிறது? அந்தச் சொல்லை முதலில் தாளில் எழுதியது பென்னன்ட் இல்லை. இலங்கையில் இருந்த, ஒல்லாந்த எழுத்து தெரிந்த ஒருவர், இது என்ன பறவை என்று கேட்டிருக்கிறார். சிங்களம் பேசும் ஒருவர் பகமூணா என்று பதில் சொல்லியிருக்கிறார். காதில் விழுந்தபடி எழுதிக்கொண்டார்கள். அந்தப் பதிலைச் சொன்னவரின் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஆனால் அவர் சொன்ன சொல் அழியவில்லை.

பழைய ஆவணங்களை வாசிக்கும் பயிற்சி என்பது இதுதான். ஆசிரியர் கலாசாலையில் படித்த காலத்தில் எங்களுக்குச் சொல்லித்தந்தார்கள்: சான்று என்பது வசனத்தில் மட்டும் இருப்பதில்லை, எழுத்துப் பிழையிலும் இருக்கும். பழைய காணி உறுதி, நிக்காஹ் பதிவு, கடைக் கணக்குக் கொப்பி எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். உங்கள் வீட்டுப் பழைய பெட்டியில் இருக்கும் கடதாசிகளில் பெயர்கள் எப்படி எழுதப்பட்டிருக்கின்றன என்று பாருங்கள். எழுதியவர் யார், அவர் எந்த மொழிக்காரர் என்பது அதில் இருக்கும்.

■ நமக்கு இதில் என்ன?

நம் பிள்ளைகளிடம் ஓர் எண்ணம் ஆழமாக இறங்கியிருக்கிறது. விஞ்ஞானம் என்றால் அது எங்கோ வெளியில் நடப்பது, வெள்ளைக்காரர் கண்டுபிடித்தது, நாம் மனப்பாடம் செய்து பரீட்சை எழுத வேண்டியது என்ற எண்ணம். வகுப்பில் உலகத்து விலங்குகளின் பெயரைச் சொல்லச் சொன்னால் ஒட்டகச்சிவிங்கியும் கங்காருவும் பென்குயினும் உடனே வரும். வேலியில் தைத்துக்கொண்டிருக்கும் குருவியின் பெயர் வராது.

இந்தப் புத்தகம் வேறு ஒன்றைச் சொல்கிறது. 1769 இல் ஐரோப்பா படித்த பாடத்தின் ஒரு பகுதி நம் காட்டில் இருந்து போனது. அதை வரைந்த கை கொழும்பில் பிறந்தது. பெயரைச் சொன்ன வாய் இந்த மண்ணுடையது. அறிவு இங்கேயும் இருந்தது. எழுதிவைத்து, அச்சடித்து, பெயர் போட்டுக்கொள்ளும் வசதி மட்டும் அங்கே இருந்தது.

எழுதி வைக்காதவர்களின் பெயர் போய்விடும். எழுதி வைத்தவரின் பெயர் நிற்கும். இது நியாயமா என்று கேட்டால், இல்லை. ஆனால் நடப்பது இதுதான். நம் சமூகத்தின் வரலாற்றிலும் இதே கதைதான். பெரியவர்கள் எவ்வளவோ தெரிந்து வைத்திருந்தார்கள். கடல் தெரியும், காற்று தெரியும், மரம் தெரியும், மருந்து தெரியும். எழுதியது மிகக் குறைவு. அவர்கள் மௌத்தாகும்போது ஒரு நூலகமே அவர்களோடு போய்விடுகிறது.

ஆகவே பெற்றோரிடமும் ஆசிரிய நண்பர்களிடமும் சில வேண்டுகோள்கள்.

ஒன்று: விடுமுறையில் பிள்ளைக்கு ஒரு கொப்பியும் பென்சிலும் கொடுங்கள். வீட்டைச் சுற்றி வரும் பறவைகளில் பத்தை வரையச் சொல்லுங்கள். அழகாக இருக்கத் தேவையில்லை. சொண்டும் காலும் வாலும் சரியாக இருந்தால் போதும்.

இரண்டு: ஒவ்வொரு படத்தின் கீழும் உம்மம்மா, வாப்பும்மா, அப்பா என்ன பெயர் சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டுச் சிங்கள அயலவர் என்ன சொல்கிறார் என்பதையும் எழுதச் சொல்லுங்கள். ஊருக்கு ஊர் பெயர் மாறும். மாறினால் மாறியபடியே எழுதட்டும்.

மூன்று: யார் சொன்னார், எந்தத் திகதி, எந்த ஊர் என்பதையும் கட்டாயம் எழுதச் சொல்லுங்கள். பெவெரெக்கும், பகமூணா என்று சொன்ன அந்த மனிதருக்கும் நடந்தது, நம் உம்மம்மாவுக்கு நடக்க வேண்டியதில்லை.

பழைய நூல்களின் மின்வடிவங்கள் இப்போது இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பென்னன்ட், இந்தியன் சூவொலொஜி என்று தேடிப் பாருங்கள். ஒரு காலத்தில் பிரபுக்களின் அலுமாரியில் பூட்டியிருந்த படங்களை இன்று நம் பிள்ளைகள் கைத்தொலைபேசியில் பார்க்கலாம்.

பதிவுக்குக் கீழே ஒரு சின்ன வேலை. தையற்காரக் குருவி, பாம்புத்தாரா, மலை அணில் மூன்றுக்கும் உங்கள் ஊரில் என்ன பெயர்? ஊரின் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். சொன்னவரின் பெயரோடு அவற்றை நாம் தொகுத்து வைப்போம், இன்ஷா அல்லாஹ்.